பிள்ளை படிக்கவில்லையா, பீரோ திறக்கவில்லையா?

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. செல்போனைத் தடவிக்கொண்டு கிடக்கிறார்கள்!" – மேடைக்கு மேடை கனவான்கள் இப்படிப் புலம்பி வருகிறார்கள். புலம்பி முடிந்ததும் பிள்ளைகளுக்குப் புத்திமதி. புத்திமதிக்குப் பின் பொன்னாடை. அப்புறம் கார் ஏறிப் போய்விடுகிறார்கள். கூட்டம் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் புத்தக பீரோ எங்கே இருக்கிறது, அதன் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை விசாரித்தவர் இவர்களில் எத்தனை பேர்? நாம் கேட்கிறோம்.

இந்தக் குற்றச்சாட்டு யார் மேல் விழுகிறது என்பதைக் கவனியுங்கள், தோழர்களே! பணக்காரர் வீட்டுப் பிள்ளையைப் பற்றி இவர்கள் கவலைப்படவில்லை. அவனுக்கு வீட்டில் தனி அறை உண்டு, அலமாரி உண்டு, பள்ளியில் நூலகமும் அதற்கென்று சம்பளம் வாங்கும் நூலகரும் உண்டு. மில் தொழிலாளியின் பிள்ளைக்கும் கூலி விவசாயியின் பிள்ளைக்கும்தான் 'படிப்பில் நாட்டமில்லை' என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். இது பழைய பாட்டு. 1881-ல் வெள்ளைக்கார சர்க்கார் போட்ட முதல் ஆலைச் சட்டம் 7 வயதுப் பிள்ளையை நாளொன்றுக்கு 9 மணி நேரம் மில்லில் நிறுத்தலாம் என்று அனுமதித்தது. 1953-ல் ராஜாஜி மந்திரிசபை, பாதி நாள் பள்ளிக்கூடம் போதும், மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள் என்று திட்டம் கொண்டுவந்தது. ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் காமராஜர் மந்திரிசபை வந்து அதைக் கைவிட்டது. இன்று அப்படி வெளிப்படையாகச் சொல்ல எவருக்கும் துணிச்சல் இல்லை. அதனால் பழியைப் பிள்ளை தலையிலேயே போட்டுவிடுகிறார்கள்.

நாட்டமில்லையா? வடை கட்டி வந்த காகிதத்தை எண்ணெய்க் கறையோடு விரித்து வைத்து, பாதியில் அறுந்துபோன கதையை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையை நம் வீடுகளில் நாம் பார்த்திருக்கிறோம். மீதிக் கதை எங்கே என்று கேட்டு அழுகிற பிள்ளையையும் பார்த்திருக்கிறோம். பசி இருக்கிறது, பரிமாற ஆளில்லை.

பூட்டு எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில், பள்ளி ஒவ்வொன்றிலும் நூலகம் இருக்க வேண்டும், அதில் பத்திரிகைகளும் எல்லாப் பாடங்களுக்குமான நூல்களும் கதைப் புத்தகங்களும் இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஆகவே இது தர்மம் அல்ல, பிள்ளையின் உரிமை.

நடப்பு என்ன? உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் அறைக்குப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் மூலையில் ஒரு இரும்பு பீரோ நிற்கும். அதுதான் நூலகம். உள்ளே புத்தகம் இல்லையென்று நாம் சொல்லவில்லை, இருக்கிறது. சர்க்கார் வாங்கி அனுப்பியது இருக்கிறது, ஊர்ப் பெரிய மனிதர் நன்கொடையாகக் கொடுத்தது இருக்கிறது, கட்டுப் பிரிக்காத மூட்டையும் இருக்கும். வெளியே பூட்டும் இருக்கிறது.

இதற்காக ஆசிரியரைத் திட்ட நாம் வரவில்லை. விஷயத்தின் வேர் வேறு இடத்தில் இருக்கிறது. பீரோவில் உள்ள புத்தகம் ஸ்டாக் நோட்டில் ஏறிய பொருள். மேஜை நாற்காலிக்கு இருப்பதுபோல அதற்கும் நம்பர் உண்டு. தணிக்கைக்காரர் வந்தால் எண்ணிக் காட்ட வேண்டும். ஒன்று குறைந்தால் கேள்வி பொறுப்பாசிரியர் மேல் பாயும். கைக்காசைப் போட்டுக் கட்டவும் நேரும். ஐந்தாம் வகுப்புப் பெண் வீட்டுக்குக் கொண்டுபோன கதைப் புத்தகம் கூரை ஒழுகி நனைந்தது, தம்பி கிழித்தான், ஆடு தின்றது – இதையெல்லாம் எந்த நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? ஆகவே அந்த ஆசிரியர் என்ன செய்வார்? பூட்டி வைப்பார். பூட்டிய பீரோவில் கணக்குக் குறையாது. பார்வையிட வரும் அதிகாரியும் புத்தகமெல்லாம் புதுக்கருக்கு அழியாமல் இருப்பதைக் கண்டு பூரித்து, 'நல்ல பராமரிப்பு' என்று எழுதிவிட்டுப் போவார். ஒரு பிள்ளையும் படிக்கவில்லை என்பதற்கு சர்க்கார் முத்திரையோடு நற்சான்று!

நூற்பாலைத் தோழர்களுக்கு ஒன்று தெரியும். நூறு கிலோ பஞ்சு போட்டால் நூறு கிலோ நூல் வராது. கழிவு இவ்வளவு போகும் என்று முதலாளியே கணக்கு வைத்திருக்கிறார். வயலில் தெளித்த விதை அத்தனையுமா முளைக்கிறது? குருவி தின்றது போக, அழுகியது போகத்தான் பயிர். இந்த நூலுக்குக் கழிவு உண்டு, அந்த நூலுக்கு மட்டும் கழிவு கிடையாதாம்! பிள்ளை கையில் கிழிந்த புத்தகம் நஷ்டம் அல்ல. அது வேலை செய்து தேய்ந்த கருவி. வருஷத்துக்கு இத்தனை புத்தகம் தேய்மானம் என்று கழித்துக்கொள்ளலாம், ஆசிரியர் பையில் கை வைக்க மாட்டோம் என்று ஒரு தெளிவான உத்தரவு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போய்ச் சேரட்டும். அடுத்த நாளே பாதிப் பூட்டு திறந்துவிடும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, ஒரு தாள் காகிதம் போதும்.

சாவியைக் கையில் எடுக்க ஆளும் வேண்டுமல்லவா? பெரும்பாலான சர்க்கார் பள்ளிகளில் நூலகர் என்று ஒருவர் கிடையாது. கணக்கு வாத்தியாரோ தமிழாசிரியையோ 'பொறுப்பு' வகிக்கிறார். அவர் பாடம் நடத்த வேண்டும், தாள் திருத்த வேண்டும், 'எமிஸ்' இணையதளத்தில் ஓயாமல் விவரம் ஏற்ற வேண்டும். இத்தனைக்கும் நடுவே எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் ஏற்றது என்று பார்த்துக் கொடுக்க அவருக்கு ஏது அவகாசம்? நூலகத்துக்கென்று ஒரு பாடவேளை ஒதுக்கினாலும், பரீட்சை நெருங்கிய உடனே முதலில் பறிபோவது விளையாட்டு வேளையும் நூலக வேளையும்தான்.

நல்லதை நல்லது என்றே சொல்வோம். 2023-ல் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை 'வாசிப்பு இயக்கம்' என்று ஒன்றைத் தொடங்கியது. பிள்ளைகளின் வாசிப்புத் தரத்துக்கு ஏற்ப நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து, 53 சிறு புத்தகங்களை வெளியிட்டது. சின்னப் புத்தகம், குறைந்த எழுத்து, நிறையப் படம். எழுத்துக் கூட்டத் திணறும் ஏழாம் வகுப்புப் பையன் 'நுழை'யில் தொடங்கலாம். அவனை அவமானப்படுத்தாத ஏற்பாடு. 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' என்று பிள்ளைகளுக்கான இதழ்களும் வந்தன. இவை பாராட்ட வேண்டிய காரியங்கள். ஆனால் 53 புத்தகத்தை முடித்த பிள்ளை 54-வது புத்தகத்துக்கு எங்கே போவாள்? அந்த பீரோவுக்குத்தான் வர வேண்டும். அங்கே பூட்டு தொங்கினால் பறக்கக் கற்ற குஞ்சு எங்கே உட்காரும்?

போட்டிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விமர்சனம் எழுதும் போட்டி, கதை சொல்லும் போட்டி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நடத்துகிறார்கள். நடத்தட்டும். போட்டியில் சர்க்காருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது: ஒரு பிள்ளை ஜெயித்தால் மந்திரி பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுக்கலாம். நாற்பது பிள்ளைகள் அவரவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து படித்தால் அதை எப்படிப் போட்டோ எடுப்பது? நமக்கு வேண்டியது அந்த நாற்பது.

ஆற்றுக்கு அந்தக் கரையும் இந்தக் கரையும்

பீரோ திறந்து, புத்தகம் கைக்கு வந்து, பிள்ளை அதை வீட்டுக்குக் கொண்டு போகிறாள் என்றே வைத்துக்கொள்வோம். வீடு இருக்க வேண்டுமே!

சென்னையில் ராஜா அண்ணாமலைபுரத்தைப் பாருங்கள். பல்கலைக்கழகம் நிறுவிய செட்டிநாட்டு ராஜாவின் பெயரைத் தாங்கிய பேட்டை. கிரீன்வேஸ் சாலையில் மந்திரிகளின் பங்களாக்கள். அதே சாலையில் சட்டப் பல்கலைக்கழகம், இசைப் பல்கலைக்கழகம். அடையாற்றைத் தாண்டினால் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம், ஒன்பது தளங்களில் லட்சக்கணக்கான புத்தகம், பிள்ளைகளுக்கென்று தனிப் பகுதி. அறிவுக்குப் பஞ்சமே இல்லாத வட்டாரம் என்று எவரும் சொல்வார்கள்.

இந்த வட்டாரத்தில்தான், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், கோவிந்தசாமி நகர் இருந்தது. பல பத்தாண்டுகளாக உழைக்கும் ஜனங்கள் குடியிருந்த இடம். 2022 ஏப்ரல் கடைசியில், உச்சநீதிமன்ற உத்தரவு என்று சொல்லி, போலீஸ் காவலோடு இயந்திரங்கள் வந்து வீடுகளை இடித்தன. தேதியைக் கவனியுங்கள். மே 5-ம் தேதி பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு. மே 6-ம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. கொரோனாவால் ஏற்கெனவே இரண்டு வருஷப் படிப்பைத் தொலைத்திருந்த பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முந்திய வாரத்தில் கூரை போயிற்று! அந்த மே மாதத்தில் அங்கே குடியிருந்த ஒருவர் தீக்குளித்து மாண்டார். அதன் பிறகே இடிப்பு நின்றது. அதன் பிறகே, பக்கத்துப் பேட்டைகளில் மாற்று வீடு தருவோம் என்று சட்டசபையில் முதலமைச்சர் அறிவித்தார். பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முன்பே சொல்ல ஒரு அதிகாரிக்கும் வாய் வரவில்லை.

ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒன்பது தளம் நிறையப் புத்தகம். இந்தக் கரையில் இடிபாட்டின் நடுவே புத்தகப் பை. 'பிள்ளைகள் ஏன் படிப்பதில்லை' என்று ஆராய்ச்சி செய்யும் கனவான்கள் கொஞ்சம் கால்வாய்க் கரை வரைக்கும் நடந்து வரட்டும்.

பெரிய நூலகம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த அந்த நூலகத்தை, ஆட்சி மாறிய உடனே, 2011 நவம்பரில் அங்கிருந்து பெயர்த்துவிட்டுக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போவதாக அறிவித்தபோது, உயர்நீதிமன்றம் தடை போட்டுத்தான் அது பிழைத்தது. 2012-ல் அதன் அரங்கத்தில் கல்யாண வரவேற்புகூட நடந்தது! மருத்துவமனை கட்ட இந்தப் பெரிய பட்டணத்தில் வேறு மனையே கிடைக்கவில்லை என்று நம்மை நம்பச் சொன்னார்கள். ஒரு கட்சி கட்டினால் இன்னொரு கட்சி இடிக்கும், இடையில் படிக்கிறவன் தெருவில் நிற்பான் – இந்த விளையாட்டை நாம் ஏற்கவில்லை. அந்த நூலகமும் இருக்கட்டும், 2023 ஜூலையில் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஓங்கட்டும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை தனியாகப் பஸ் ஏறிப் போய்ப் படிக்க மாட்டாள். அவள் தினமும் நடந்து போகிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அவளுடைய நூலகம் அங்கேதான் இருக்க வேண்டும்.

பணம் இல்லையாம்!

பணம் எங்கே என்பார்கள். கணக்கைப் பார்ப்போம். 'சமக்ர சிக்ஷா' திட்டத்தில் 2018-ல் வகுத்த விதிப்படி, சர்க்கார் பள்ளிக்கு வருஷத்துக்கு நூலக மானியம் 5,000 ரூபாயிலிருந்து 20,000 ரூபாய் வரை. 5,000 என்பது ஆரம்பப் பள்ளிக்கு. நூறு பிள்ளைகள் இருந்தால் தலைக்கு 50 ரூபாய். ஒரு வருஷத்துக்கு! இன்றைய விலையில் ஒரு நல்ல படக்கதைப் புத்தகமே அந்தப் பணத்துக்குக் கிடைப்பது கஷ்டம். அந்தக் கிள்ளித் தெளித்த காசும் ஒழுங்காக வருகிறதா? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு, புதிய கல்விக் கொள்கையையும் மூன்று மொழியையும் ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் பணம் இல்லை என்று டில்லி சர்க்கார் 2024-25-ம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. மாநில சர்க்கார் 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. பிள்ளையின் புத்தகத்தைப் பிணையாகப் பிடித்துக்கொண்டு கொள்கை திணிப்பது வட்டிக்கடைக்காரன் வேலை, ஒரு சர்க்காரின் வேலை அல்ல.

டில்லியைச் சாடிவிட்டுச் சென்னைக் கோட்டையைச் சும்மா விட மாட்டோம். சுதந்திர இந்தியாவில் பொது நூலகச் சட்டம் முதன்முதலில் வந்தது நம் மாகாணத்தில்தான் – 1948-ல். அதன்படி சொத்துவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. குடக்கூலிக்கு இருப்பவனும் வாடகைக்குள் அதைக் கொடுத்துவிடுகிறான். வசூலிக்கும் உள்ளாட்சி மன்றங்கள் அதை நூலகத்துறைக்கு ஒப்படைக்க வேண்டும். சென்னை மாநகராட்சியே பல கோடி பாக்கி வைத்த சங்கதி பலமுறை பத்திரிகைகளில் வெளியாயிற்று. புத்தகத்துக்கென்று ஜனங்கள் கொடுத்த காசு! பொது நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் ஒரே பள்ளிக்கல்வித் துறையின் கீழ்தான் இருக்கின்றன. ஆனாலும் கிளை நூலகத்துப் புத்தகம் நாலு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒரு தடவை போய்வர வழியில்லை. ஊர்ப்புற நூலகர்களோ காலமுறைச் சம்பளம் கேட்டுப் போராடியே சலித்தவர்கள். அவர்களை முழுநேர ஊழியராக்கி, வாரத்தில் இரண்டு நாள் பள்ளி பீரோவின் சாவியை அவர்கள் கையில் கொடுத்தால் என்ன?

முடியாது என்பவர்கள் 1931-ஐ நினைத்துப் பார்க்கட்டும். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன், புத்தகம் பூட்டி வைக்கும் பண்டமல்ல, எடுத்துப் படிக்கும் பொருள் என்பதையே முதல் விதியாக வைத்து அந்த ஆண்டில் நூல் எழுதினார். அதே ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. ஓய்வுபெற்ற இன்ஜினீயர் கனகசபைப் பிள்ளை ஏற்பாடு செய்த நடமாடும் நூலகம் அது. ரங்கநாதனே தொடங்கி வைத்தார். வண்டிப் பாதை வழியாகச் சுற்றுக் கிராமங்களுக்குப் புத்தகம் போயிற்று. அந்த வண்டியிலிருந்து பண்ணையாள் வீட்டுப் பிள்ளை புத்தகம் எடுத்திருப்பானா? எங்கே எடுப்பது! சாணிப்பாலும் சவுக்கடியும் தஞ்சைத் தரணியை ஆண்ட காலம். அவன் பள்ளிக்கூட வாசலையே மிதித்திருக்க மாட்டான். இன்று அந்தப் பேரப்பிள்ளை பள்ளிக்குள் வந்துவிட்டான். ஆனால் வண்டி நின்றுவிட்டதே! அன்று மாடு இழுத்ததை இன்று லாரியும் பஸ்ஸும் இழுக்க மாட்டாவா?

நம் வேலை

உழைப்பாளி தன் படிப்புக்குத் தானே வழி செய்துகொண்ட வரலாறு உலகமெங்கும் உண்டு. 1865-ல் கியூபாவில் சுருட்டுத் தொழிலாளர் வேலை நேரத்தில் தங்களுக்குப் பத்திரிகையும் நாவலும் உரக்கப் படித்துக் காட்ட ஒருவரை அமர்த்திக்கொண்டார்கள். அவருக்குக் கூலி கொடுத்தது முதலாளி அல்ல, தொழிலாளர்களே. ஸ்பானிய அதிகாரிகள் மிரண்டுபோய் அடுத்த ஆண்டே தடை போட்டார்கள்! கண்ணூர் பீடித் தொழிலாளரும் அப்படித்தான்: ஒருவர் பத்திரிகை படிப்பார், அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பார்கள். அதே கேரளத்தில் 1945-ல் பி.என். பணிக்கர் ஊர் ஊராக நடந்து நூலகங்களைச் சங்கமாகத் திரட்டினார். அங்கே கிராமந்தோறும் வாசகசாலை தானாக முளைக்கவில்லை. நம் புதுக்கோட்டையில் 1991-92-ல் அறிவொளி இயக்கத்தில் கல்குவாரிப் பெண்களும் களைவெட்டும் பெண்களும் சைக்கிள் ஏறி எழுத்துக் கற்றார்களே, அவர்களுடைய பேத்திகள்தான் இப்போது சர்க்கார் பள்ளியில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

பீரோவைத் திறக்க நம் கையில் ஒரு கருவி இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடுகிறார்கள், கேள்வி கேட்கக் கூப்பிடுவதில்லை என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். கூப்பிட்டா கேட்பது? அடுத்த கூட்டத்துக்கு, ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று, நாலு தாய்மார்கள் சேர்ந்து போங்கள். பீரோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்டாக் நோட்டை அல்ல, பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்த நோட்டைக் கேளுங்கள். போன மாதம் எத்தனை புத்தகம் வீட்டுக்குப் போயிற்று? இந்த வருஷ நூலக மானியம் வந்ததா, வந்த பணத்தில் என்ன வாங்கினார்கள்? நூலக வேளையில் என்ன நடக்கிறது? கிழிந்த புத்தகத்துக்கு ஆசிரியரிடம் காசு பிடிக்கக் கூடாது என்று அங்கேயே தீர்மானம் எழுதுங்கள். ஆசிரியர்கள் நமக்கு எதிரியல்ல. இந்தத் தீர்மானம் அவர்களுக்கும் கேடயம்.

மில் பகுதியில் இருப்பவர்கள் வேறொன்றும் செய்யலாம். சங்க ஆபீஸில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஒரு விளக்கும் ஒரு பாயும் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். வீட்டில் இடமில்லாத பிள்ளை அங்கே வந்து படிக்கட்டும். இரவு ஷிப்டு போகிறவர் அரை மணி முன்னால் வந்து, "இன்றைக்கு என்ன படித்தாய், எனக்கும் சொல்" என்று கேட்டால், அடுத்த நாள் அவருக்குச் சொல்வதற்காகவே ஒரு பிள்ளை இன்னும் நாலு பக்கம் படிக்கும்.

கிராமத்தில் இருப்பவர்களுக்கு கிராமசபை இருக்கிறது. குடியரசு நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கூடும் சபையில் ரோடும் குடிநீரும் பேசுகிறோம், நூறு நாள் வேலைக் கூலி பேசுகிறோம். அவற்றோடு, எங்கள் ஊரில் வசூலான நூலக வரி எவ்வளவு, அதில் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்று ஊராட்சிச் செயலரிடம் கணக்குக் கேளுங்கள். பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.